சனிக்கிழமைக் கடற்கரை போதாது
பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஊழியர்களைக் கடற்கரைக்கு அழைத்து வருகிறீர்கள். பெரும்பாலும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி. இல்லாவிட்டால் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மைப் பணி நடக்கும் நாளில். திருவான்மியூருக்கும் கோவளத்துக்கும் இடைப்பட்ட கரையில் அப்படி வரும் குழுக்களோடு சேர்ந்து வேலை செய்கிற தன்னார்வலர் நான். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களில் இரண்டு நோக்கங்கள் தவறாமல் இருக்கும். கடலுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும். குழுவுக்குள் ஒற்றுமை வளர வேண்டும். இரண்டுமே நடக்கக்கூடியவை. நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் இன்று வழக்கமாக நடத்தப்படும் விதத்தில் இரண்டுமே கைகூடுவதில்லை. காலை ஆறரைக்குப் பேருந்து வருகிறது. டி-ஷர்ட், கையுறை, பேனர், குழுப் படம். எட்டரைக்குச் சிற்றுண்டி, ஒன்பதுக்குப் பேருந்து கிளம்புகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. மேனேஜர் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். அலுவலகத்தில் எப்படியோ அப்படியே.

வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தக் காலையில் செய்வதற்கு உண்மையான வேலை எதையும் நாம் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகங்கள் கடலுக்குத் தொலைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் பேருந்து ஏற்பாடு செய்கிறீர்கள். சோழிங்கநல்லூரிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது. அந்தத் தூரத்தையும் தண்ணீர் உங்களுக்கு முன்பே கடந்துவிடுகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வருகிறது. கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் நடுவே முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த அதே பள்ளிக்கரணைதான். அதன் வடிகால் பாதை உங்கள் வாகன நிறுத்தத்துக்குப் பின்பக்கமாகப் போகிறது. வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் நாட்களில் கால்வாயில் கிடப்பதெல்லாம் கடலுக்குப் போய், பிறகு அலையோடு கரைக்குத் திரும்பி வருகிறது. டிசம்பர் கடைசியில் கானத்தூர்ப் பக்கம் கரையில் நடந்து பாருங்கள். ஒதுங்கிக் கிடக்கும் உணவுப் பொட்டலங்களும் கப்புகளும் ஏதோ சுற்றுலாப் பயணி வீசியவை மட்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. நாம் சுத்தம் செய்ய வரும் கரை, நம் அலுவலகத் தெருவின் கடைக்கோடி.

இதைத் தெரிந்துகொண்டு வரும் குழு வேறு மாதிரி வேலை செய்கிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்திலிருந்து வந்த குழுவில், யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்து, ஹவுஸ்கீப்பிங் பெண்கள் நான்கைந்து பேரையும் பேருந்தில் ஏற்றி அழைத்து வந்திருந்தார். கரையில் பாதி மணலுக்குள் புதைந்த வலை ஒன்று கிடந்தது. பழைய நைலான் வலை. அறுந்து, கடலில் பல நாள் அலைந்து, புயல் காற்றில் ஒதுங்கியது. இளைஞர்கள் ஆறு பேர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வலை நீண்டதே தவிர வெளியே வரவில்லை. அப்போது அந்தப் பெண்களில் மூத்தவர் முன்னே வந்து, “இழுக்காதீங்க தம்பி. இழுத்தா அறுந்து உள்ளயே தங்கிடும். மண்ணைத் தள்ளுங்க, நான் சொல்றேன்” என்றார். மிதவை கோத்த கயிற்றை விரலால் தடவித் தேடிப் பிடித்தார். அந்தக் கயிற்றைத் தொடர்ந்தே போனால் வலையின் ஓரம் எங்கே என்று தெரிந்துவிடும். ஒருவர் மணல் தள்ள, ஒருவர் கயிற்றைத் தூக்க, இன்னொருவர் சிக்கிய கிளிஞ்சலையும் குச்சியையும் எடுக்க என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். வலைக்குள் உயிரோடு இரண்டு நண்டுகள் இருந்தன. அவற்றின் கால் ஒடியாமல் கண்ணியை எப்படித் தளர்த்துவது என்று குந்தி உட்கார்ந்து காட்டினார். டைரக்டர் பதவியில் இருந்தவர் அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, சொன்னபடி செய்துகொண்டிருந்தார். முழு வலையும் வெளியே வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குழுப் படம் எடுக்க யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்த அக்கா மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக் குடியிருப்புக்கு வந்தவர். அந்த அலுவலகத்தில் நீண்ட காலமாகத் துடைத்துக்கொண்டும் தேநீர் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். கடலைப் பற்றி அவரிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நண்பர்களே, உங்கள் துறையில் நீங்கள் தேடும் பணியிடப் பண்பாடு அந்த ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சென்னைக் கடலோரத்தில் வீடிழந்த குடும்பங்கள் பல கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டன. இந்தச் சாலையின் அலுவலகங்களில் துப்புரவு, காவல், கேன்டீன் வேலைக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் அந்தக் குடியிருப்புகளிலிருந்துதான் வருகிறார்கள். அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் உங்கள் ஊழியர் பட்டியலில் இல்லை. மின்னஞ்சல் முகவரி இல்லாததால் அழைப்பும் போவதில்லை. கடலைத் தெரிந்தவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, கடலைத் தெரியாதவர்களை மட்டும் பேருந்தில் ஏற்றுகிறோம். என் முதல் வேண்டுகோள் இதுதான்: அவர்களையும் அழையுங்கள், அந்த நாளுக்கு முழுச் சம்பளம் கொடுத்து அழையுங்கள். ஒப்பந்த நிறுவனத்தோடு பேசி அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் கூலி போய்விடுமோ என்று பயந்துகொண்டு ஒருவர் மணலில் நிற்கக் கூடாது. வந்த இடத்தில் அவர்களைத் தேநீர் ஊற்றவும் விடாதீர்கள்.

சம்பளம் என்றதும் சனிக்கிழமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து, இரவு அமெரிக்க நேரத்துக்குக் கூட்டம் பேசிய ஒருவருக்குச் சனிக்கிழமை காலை என்பது குழந்தையோடு இருக்கக் கிடைக்கும் நேரம். அதைத் தன்னார்வம் என்ற பெயரில் கேட்டுவிட்டு, வந்தவர் வராதவர் பட்டியலை மேனேஜருக்கு அனுப்பினால் அது தன்னார்வம் ஆகாது. மனதில் கசப்போடு வருகிறவர் பக்கத்தில் இருப்பவரோடு எப்படி நெருங்குவார்? வேலை நாளில் அழைத்து வாருங்கள். நிறுவனம் இதை உண்மையாகவே மதிக்கிறது என்று ஊழியருக்குப் புரியவைக்க, தன் நேரத்தை நிறுவனம் விட்டுக்கொடுப்பதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, யார் பேச்சைக் கேட்பது என்பது. கொட்டிவாக்கம், நீலாங்கரை, பனையூர், நைனார்குப்பம், ரெட்டிக்குப்பம் என்று நீங்கள் வந்து இறங்கும் ஒவ்வொரு கரைக்கும் ஓர் ஊர் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அது அவர்கள் படகு நிறுத்தும் இடம், வலை காயவைக்கும் இடம். மாநகராட்சியிடம் அனுமதி வாங்கிவிட்டு ஊரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருநூறு பேரை இறக்குவது, அடுத்த வீட்டு முற்றத்தில் அழைக்காமல் போய்க் கோலம் போடுவது போன்றது. போய்ச் சொல்லுங்கள், அதோடு நிற்காமல், கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். வாடைக் காற்றில் எந்தப் பக்கம் குப்பை ஒதுங்கும், கொண்டல் அடித்தால் எந்தப் பக்கம் போகும், நீரோட்டம் திரும்பும் மாதம் எது என்பதெல்லாம் அவர்கள் அன்றாடம் பேசும் பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னவும் படகு பழுதுபார்க்கவும் ஆட்கள் கரையில் இருக்கும் காலம் அது. பழைய வலைத் துண்டுகள் கடலுக்குப் போகாமல் சேகரிப்பதற்கும், அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது. ஊரிலிருந்து வழிகாட்ட வருகிறவருக்கு ஒரு பயிற்சியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் கொடுங்கள். நட்சத்திர ஓட்டலில் குழு ஒற்றுமை வகுப்பு எடுக்க வருகிறவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஊர்க்காரர் உடன் இருந்தால் சில தவறுகளும் தானாகத் தவிரும். மணல் மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையும் முள்ளு முள்ளாக நிற்கும் இராவணன் மீசையையும் களை என்று நினைத்து வேரோடு பிடுங்கிக் குவித்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தச் செடிகள்தான்.

இன்னொன்று, ஆபத்தான இடத்துக்குப் பயிற்சி இல்லாதவரை அனுப்பாதீர்கள். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மாணவர்களும் மீனவர்களும் பாறைகளில் நின்று வாளியால் அந்தக் கரிய குழம்பை அள்ளினார்கள். அவர்கள் மனதை வணங்குகிறேன். ஆனால் அது பயிற்சியும் பாதுகாப்புக் கவசமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் உங்கள் ஊழியர்கள் உணவும் வாகனமும் கணக்கும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆமைகளைப் பற்றிப் பேசாமல் சென்னைக் கடலைப் பற்றிப் பேச முடியாது. ஜனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 1970-களிலேயே இங்கே இரவு நடையாக ஆமைத் தடம் தேடும் வேலை தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்ந்து செய்துவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடப்பார்கள். மணலில் தடம் தெரிந்தால் பயிற்சி பெற்றவர் மெல்லிய குச்சியால் அழுத்தி முட்டைக்குழியைக் கண்டுபிடித்து, கையால் தோண்டி, முட்டைகளை எண்ணித் துணிப்பையில் எடுத்து, அதே ஆழத்தில் பொரிப்பகத்தில் புதைப்பார். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டைகள் வரை இருக்கும். குஞ்சு வெளிவர நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும்.

இந்த நடைக்கு உங்கள் ஊழியர்களை ஐந்தாறு பேராக அனுப்புங்கள். பேருந்து நிறைய அனுப்பினால் ஆமை கரையேறாது. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. அந்த இருட்டில் யார் சீனியர், யார் ஜூனியர் என்பது முகத்தில் தெரியாது. மெதுவாக நடக்கிறவருக்காக எல்லோரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரே அணியில் மூன்று ஆண்டு வேலை செய்தும் ஒருவர் ஊர் ஒருவருக்குத் தெரியாமல் இருந்தவர்கள், பாலவாக்கம் தாண்டுவதற்குள் அப்பா அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கியதைக் கேட்டுக்கொண்டே நான் பின்னால் நடந்திருக்கிறேன்.

அதே நடையில் செத்த ஆமையையும் பார்ப்பார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகளின் இழுவை மடி வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்பவர்களில் முதல் ஆளாக நிற்பவர்கள் ஃபைபர் படகில் போகும் சிறு மீனவர்கள். இதைத் தெரிந்துகொண்டு திரும்பும் ஊழியர், மீனவர் எல்லோரும் ஆமைக்கு எதிரி என்று பொத்தாம்பொதுவாகப் பேச மாட்டார். இவ்வளவு நுணுக்கமாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பழக்கம் அலுவலகத்துக்குள்ளும் உதவும் என்று நம்புகிறேன்.

இனி நான் முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். இதை ஏற்றுக்கொள்வது உங்களுக்கு எளிதாக இருக்காது.

1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில், செப்டம்பரில் நடக்கும் இந்தக் கடற்கரைத் தூய்மைப் பணி முதன்முதலில் நடந்தபோதே, பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து எழுதி வைக்கும் முறை இருந்தது. எழுதினால்தான் எங்கிருந்து வருகிறது என்று கேட்க முடியும். நம் குழுக்கள் மூட்டையை எடை போட்டு, எத்தனை கிலோ என்று சொல்லிக் கைதட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. எடையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஈர மணலும் சேர்ந்துதான் அந்த எடை. ஒரு குழு ஒரே இடத்துக்கு ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து, பருவத்துக்கு ஒருமுறை எண்ணி எழுதினால் மட்டுமே மழைக்குப் பிறகு எது கூடுகிறது, தடைக்காலத்தில் எது குறைகிறது என்று தெரியும். மும்பை வெர்சோவாவில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015-இல் தொடங்கியது இப்படி வாராவாரம் திரும்பி வரும் வேலையாகத்தான் இருந்தது. 2018-இல் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகளைக் கண்டார்கள்.

அப்படி எண்ணியவர்கள் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து கேள்வி கேட்பார்கள். நம் கேன்டீனில் ஏன் இன்னும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்? அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறதே? கூட்டத்துக்குக் கூட்டம் சின்னத் தண்ணீர் பாட்டிலை வரிசையாக வைக்கிறோமே, அது எதற்கு? நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இரவிலும் ஓடுகிறதா? வெளியே போகும் கழிவுநீர் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது, அதற்கு ரசீது இருக்கிறதா? கடலோர நிறுவனம் என்றால் இதையும் கேட்பார்கள்: ஆமைக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஊர்ந்து போகுமாமே, பங்குனி மாதத்தில் நம் விளக்குகளை அணைத்தால் என்ன?

இந்தக் கேள்விகளுக்கு நிர்வாகப் பிரிவு பதில் சொல்ல வேண்டும். எழுத்தில், முப்பது நாளுக்குள், கேட்டவர் பெயருக்கு ஒரு பாதகமும் வராமல். இங்கேதான் பெரும்பாலான நிறுவனங்கள் பின்வாங்குகின்றன. கடற்கரையில் குனிந்து பொறுக்கும் ஊழியரை எல்லோருக்கும் பிடிக்கிறது. லாரி ரசீதைக் கேட்கும் அதே ஊழியரை, வேறு வேலை இல்லையா என்கிறார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்கும் வரவில்லை, அந்த நிறுவனத்திலும் நீடிக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் மனிதர்களை ஒட்டவைப்பது, நாம் கவலைப்பட்டால் இங்கே ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை. ஒரே ஒரு கப்பை மாற்றிக் காட்டுங்கள். அதைக் கேட்டவர்கள் அடுத்த பத்து ஆண்டுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு பத்தி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஒரு நாள் நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில் வராது என்று மத்திய அமைச்சகம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஊழியர்கள் ஈடுபடுவதை வரவேற்கும் அமைச்சகம், அவர்கள் இலவசமாகத் தரும் உழைப்பைப் பணமாக மதிப்பிட்டு எழுதவும் அனுமதிப்பதில்லை. ஆகவே, சனிக்கிழமைக் காலைப் படத்தால் உங்கள் கணக்குக்கும் பெரிய லாபமில்லை. பொரிப்பகம் நடத்துவது, கரை ஊர்களில் பழைய வலை சேகரிப்பு மையம் அமைப்பது போன்ற பல ஆண்டுப் பணிகளுக்கு நிதியைக் கொடுங்கள். ஊழியர்களின் நேரத்தை நிறுவனம் தன் சொந்தச் செலவாக ஏற்கட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

புது நிதியாண்டுத் திட்டத்தை நீங்கள் பிப்ரவரி, மார்ச்சில் எழுதுவீர்கள். அதில் ஜூன் 5-க்கு எதிரே பேனர், டி-ஷர்ட் என்று எழுதுவதற்கு முன்னால், உங்கள் அலுவலகத்துக்கு நேர் கிழக்கே இருக்கும் கரை எந்த ஊருடையது என்று கண்டுபிடியுங்கள். ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடம் கேட்டாலே போதும், பெரும்பாலும் அங்கே சொந்தக்காரர் இருக்கும் ஒருவரைக் காட்டுவார். அவரையும் அழைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும், கேமரா இல்லாமல், ஒரு மாலை நேரத்தில் அந்த ஊருக்குப் போங்கள். ஏப்ரல் 15-க்குள் போனால் தடைக்காலத்தில் என்ன செய்யலாம் என்று அவர்களே சொல்வார்கள். போவதற்குத் துணை வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நானும் வருகிறேன்.

மிகுந்த நம்பிக்கையுடன்,
கிழக்குக் கடற்கரைச் சாலைத் தன்னார்வலர் ஒருவர்